முருங்கைக்கீரைப் பொரியல்

முருங்கைக்கீரைப் பொரியல் என்பது முருங்கை மரத்தின் இலைகளை உருவி, தாளித்த சிறிதளவு எண்ணெயில் மூடாமல் வதக்கிச் செய்யப்படும் தொடுகறி ஆகும். தமிழ்நாட்டில் இது சாம்பார், வற்றற்குழம்பு, இரசம் ஆகியவற்றுடன் உண்ணும் சோற்றுக்குத் துணையாகப் பரிமாறப்படுகிறது. கேழ்வரகுக் களிக்கும் கம்பங்கூழுக்கும்கூட இது நன்கு பொருந்தும். அடுப்பில் இதற்குத் தேவைப்படும் நேரம் பத்து நிமிடமே. ஆனால் கீரையை ஆய்வதற்கு அரைமணி நேரம் வரை ஆகலாம். இந்த உணவு எளிதானதா அல்லவா என்பது இந்த இரண்டாவது கணக்கைப் பொறுத்தது.

பெயர்

பொரி என்னும் வினையடியிலிருந்து பொரியல் என்ற சொல் பிறந்தது. அப்பளம் பொரிப்பது போல மிகுந்த எண்ணெயில் இடுவதையும் இவ்வினை குறிக்கும். எனினும் காய்கறிப் பொரியலில் எண்ணெய் ஓரிரு தேக்கரண்டிக்கு மேல் போவதில்லை. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இதைத் துவட்டல் என்றும் கூறுவர். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூ சேர்த்துச் செய்யப்படும் முருங்கையிலை வறை இதற்கு மிக நெருங்கிய உறவு. கேரளத்தின் தோரனும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கொல்லையும் படப்பையும்

முருங்கைக்கீரை நெடுங்காலமாக விலைக்கு வாங்கும் பொருளாக இருந்ததில்லை. வீட்டுக் கொல்லையில் ஒரு போத்து நட்டால் மரமாகிவிடும், வேண்டியபோது ஒடித்துக்கொள்ளலாம். அண்டை வீட்டார் கேட்டாலும் மறுக்கும் வழக்கம் இல்லை. மழைக்காலத்தில் அடிமரத்தில் அப்பும் கம்பளிப்புழுவும், காற்றுக்கு எளிதில் முறியும் கிளையுமே இம்மரத்தின் குறைகள்.

பழந்தமிழில் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் படப்பை என்று ஒரு பெயர் உண்டு. சங்க நூல்களில் இச்சொல் பல இடங்களில் காணப்படுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இதே பெயருடைய ஊர் ஒன்று உள்ளது. அதன் மேற்கே உள்ள ஒரகடத்தில் 2010இல் ரெனோ - நிசான் ஆலையும் 2012இல் டைம்லர் சரக்குந்து ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. இவற்றையும் திருப்பெரும்புதூர் வட்டாரத்தின் பிற ஆலைகளையும் நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் இப்பகுதியில் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்குகின்றனர். வாடகை அறைக்குக் கொல்லை இல்லை. ஆக, தோட்டம் என்று பொருள்படும் பெயருள்ள ஊரிலேயே கீரையைக் கட்டுக் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டியதாகிறது. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் கூடங்களுக்கும் இக்கீரை ஏற்றதன்று; அத்தனை பேருக்கும் காம்பு நீக்கிப் புழு பார்க்க ஆள் போதாது. முட்டைக்கோசை நறுக்குவது எளிது.

ஆய்தல்

கீரையைக் கொத்தாகவே நீரில் இரண்டு மூன்று முறை அலசி, உதறி ஈரம் போக்கிய பிறகு இலைகளை உருவ வேண்டும். உருவிய பின் கழுவினால் சிற்றிலைகள் நீரோடு போய்விடும். நடுக்காம்பைப் பிடித்து அடியிலிருந்து நுனி நோக்கி உருவுவதைவிட நுனியிலிருந்து அடி நோக்கி உருவினால் இலை எளிதில் கழன்று வரும். மெல்லிய இணுக்குகள் இருப்பதால் தவறில்லை. தடித்தவை வாயில் நார் போல் தங்கும்.

வேலைக்குச் செல்வோர் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. முதல்நாள் இரவு கீரையைக் கழுவாமல் ஒரு துணியில் தளர்வாகச் சுற்றி வைத்தால் காலைக்குள் பெரும்பாலான இலைகள் தாமே உதிர்ந்துவிடும். துணியை உதறினாலே போதும். இவ்விலைகளைச் சல்லடையில் இட்டு அலச வேண்டும். பலர் இதற்குச் செய்தித்தாளைப் பயன்படுத்துகின்றனர். அச்சு மை உணவில் படுவது நல்லதன்று என்பதால் துணியே சிறந்தது.

செய்முறை

நால்வருக்கு, உருவிய இலை நான்கு கோப்பை தேவை. பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, மலர்ந்தும் குழையாத பதத்தில் வேகவைத்து நீரை வடித்துக்கொள்ள வேண்டும். வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய காய்ந்த மிளகாய் மூன்று ஆகியவற்றைத் தாளித்து, தட்டிய பூண்டு நான்கு பல்லும் நறுக்கிய சின்ன வெங்காயம் பத்தும் சேர்த்து வதக்க வேண்டும். பின்னர் கீரையைச் சேர்த்து ஒரு கை நீர் தெளித்து, நடுத்தரத் தீயில் ஐந்து முதல் ஏழு நிமிடம் வதக்கினால் வெந்துவிடும். இறுதியில் பருப்பும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த்துருவலும் சேர்த்து ஒருமுறை புரட்டி இறக்கலாம். பருப்பு இல்லாதபோது வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவுவதும் உண்டு. கட்டுரையாளரின் நாவுக்கு அதுவே கூடுதல் சுவை.

உப்பைக் கீரை சுருங்கிய பின்னரே இட வேண்டும். வாணலி நிறையத் தெரியும் இலை சற்று நேரத்தில் ஒரு பிடியாகிவிடும். முதலிலேயே கண்ணளவில் இட்ட உப்பு கரித்துப்போகும். கரண்டியின் அகன்ற முகத்தால் அழுத்திக் கிளறினால் இலை திரண்டு கட்டியாகும். ஆகையால் கரண்டிக் காம்பால் கிளறுவது பழைய வழக்கம். முற்றிய இலையில் கசப்பு மிகுதி. ஒரு சிட்டிகை வெல்லம் அதைத் தணிக்கும்.

நிறம்

மூடி வைத்து வேகவைத்த கீரை பழுப்பாவதற்குக் காரணம் இலையில் இயல்பாக உள்ள அமிலங்கள். திறந்த வாணலியில் அவற்றுள் ஆவியாகக் கூடியவை வெளியேறும். மூடினால் நீராகித் திரும்பவும் இலை மேலேயே வடியும். அமிலமும் வெப்பமும் சேரும்போது பச்சையத்தின் நடுவே உள்ள மக்னீசியம் விலகி, ஒளிர்பச்சை மங்கிய பழுப்புப்பச்சையாக மாறுகிறது. நீண்ட நேரம் வேகவைத்தாலும் புளி சேர்த்தாலும் இதே விளைவுதான். சோடா உப்பு இட்டால் நிறம் நிற்கும், ஆனால் உயிர்ச்சத்து சியும் தயமினும் அழியும், இலையும் கூழாகும். மூடியைத் திறந்து வைப்பது செலவில்லாத வழி.

ஊட்டம்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைகளின்படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் சுமார் 6 கிராம் புரதமும், 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும், நாலரை மில்லிகிராம் அளவில் இரும்பும் உள்ளன. உயிர்ச்சத்து சி நூறு மில்லிகிராம் அளவில் இருப்பினும் சமைக்கும்போது அதில் ஒரு பகுதி குறையும்.

முருங்கைக்கீரை குருதிச்சோகையை நீக்கும் என்று பரவலாகக் கூறப்படுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்குச் சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியதால் இக்கூற்றை எடைபோட்டுப் பார்ப்பது தேவையாகிறது. வயதுவந்த பெண்ணுக்கு நாள்தோறும் 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரை. 50 கிராம் இலையில் செய்த ஒரு பங்குப் பொரியல் இரண்டேகால் மில்லிகிராம் அளவே தரும். தாவர இரும்பு என்பதால் உடல் அதில் சிறு பகுதியையே உறிஞ்சும். எனவே சோகை உள்ளவருக்கு மருத்துவர் தரும் இரும்பு மாத்திரைக்கு இது மாற்றாகாது. எலுமிச்சை அல்லது நெல்லிக்காயுடன் உண்டால் உறிஞ்சுதல் கூடும். உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். எலுமிச்சையை இறக்கிய பின் பிழிந்தால் நிறமும் அதிகம் கெடாது.

இரவு வழக்கம்

இரவில் கீரை உண்ணலாகாது என்பது தமிழ்நாட்டில் ஊன்றிய வழக்கம். எளிதில் செரிக்காது என்பது சொல்லப்படும் காரணம். விளக்கொளியில் புழுவும் பூச்சியும் தெரியாது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கேரளத்தில் ஆடிக்கு இணையான கர்க்கடக மாதத்தில் முருங்கையிலையைத் தவிர்ப்பர். சுழற்சி முறையில் வேலை செய்வோருக்கு இவ்வழக்கம் இடையூறாகவே உள்ளது. இரவுப்பணி முடித்துக் காலையில் அறை திரும்புபவர் உறங்கி எழுந்து சமைப்பது பெரும்பாலும் மாலையில்தான். நல்ல வெளிச்சத்தில் ஆய்ந்து, ஈரம் போக உலர்த்தி, மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்த இலை இரண்டு நாள் வரை கெடாது. ஒற்றை அடுப்பு உள்ள அறைகளில் சோறு வடித்து இறக்கிய பின், அது ஆறுவதற்குள் பொரியல் முடிந்துவிடும்.