ஒலிபெருக்கிப் புராணம்

ஒலிபெருக்கி வாங்கப் புறப்படுகிறவனுக்கு விலை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதன் பூர்வோத்தரத்தைச் சொல்வார்தான் இல்லை. வீட்டுக்கு மருமகள் தேடும்போது மூன்று தலைமுறை விசாரிக்கிறோம். லட்ச ரூபாய் கொடுத்து ஒரு ஜோடிப் பெட்டியை அழைத்து வரும்போது மட்டும் வமிசாவளியை யாரும் கேட்பதில்லை. இது நியாயமா?

சென்னைவாசிகளில் பலர் ஒலிபெருக்கியை முதலில் கேட்டது வீட்டில் அல்ல, கடற்கரையில். 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்திய சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-ல் அது மூடப்பட்டது. அதன் கருவியைப் பெற்றுக் கொண்ட நகரசபை 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தானே ஒலிபரப்பியது. ரேடியோ வாங்க வசதியில்லாதவர்களும் கேட்கட்டும் என்று மெரீனாவிலும் மற்றப் பொது இடங்களிலும் ஒலிபெருக்கிகளை நட்டு வைத்தார்கள். சாயங்காலம் காற்று வாங்க வந்தவர் சங்கீதத்தையும் சேர்த்து வாங்கிக் கொண்டு போனார். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்த பிறகுதான் வீட்டு ரேடியோவுக்கு யோகம் அடித்தது.

அந்த ரேடியோப் பெட்டிக்குள் இருந்த காகிதக் கூம்பு அப்போது புத்தம் புதிய சங்கதி. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு எஞ்சினீயர்கள் 1925-ல் அதை முறைப்படுத்தினார்கள். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. மின்சாரம் ஏறி இறங்கினால் சுருள் துடிக்கும். கூம்பு காற்றைத் தள்ளும். அவ்வளவுதான். இன்று பத்து லட்சத்துக்கு விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது அதே சுருளும் அதே கூம்பும்தான். கூம்பு பட்டுத் துணியாகவும் அலுமினியமாகவும் வேஷம் மாற்றிக் கொண்டிருக்கிறது, குணம் மாறவில்லை.

பெட்டியின் பருமனைப் பற்றி ஒரு வார்த்தை. தாழ்ந்த நாதம் வேண்டுமானால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும் என்பது வெகு காலம் வேதவாக்காக இருந்தது. 1954-ல் எட்கர் வில்ச்சர் என்பவர் சிறிய பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே சிறைப்பட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக உபயோகித்தார். மேஜையோரத்தில் வைக்கக் கூடிய பெட்டி மிருதங்கத்தின் தொப்பியைக் கம்பீரமாகப் பேச ஆரம்பித்தது அதன் பிறகுதான். என்னைக் கேட்டால், ஒலிபெருக்கியின் சரித்திரத்தில் குடும்பஸ்தனுக்கு உபகாரம் செய்த ஒரே மனிதர் அவர்.

இத்தனையையும் நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டுவதற்கென்று சேர்த்து வைத்த தொகையின் மேல், ஆளுயர ஒலிபெருக்கி ஜோடி ஒன்று கண் வைத்தது. நண்பர் ஒருவர் சிபாரிசு. என் மகன் வழிமொழிந்தான். "அப்பா, நம்ம பெட்டியில பேஸ் கிட்டாரே கேக்கல" என்பது அவன் வாதம். "அறை கட்டினால் மழைக்கு ஒதுங்கலாம், பெட்டிக்குள் ஒதுங்க முடியுமா?" என்பது என் மனைவியின் வாதம். நடுவில் நான்.

மகன் சொன்னதில் உண்மை இருந்தது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி வினாடிக்கு 41 அதிர்வு. இளையராஜாவின் பாட்டில் அது அடியில் தனியாக ஒரு கதை சொல்லிக் கொண்டே போகும். மேல்நாட்டுத் தேவாலயத்தின் பெரிய ஆர்கன் குழாயோ 16 அதிர்வு வரை இறங்கிவிடும். நம்முடைய வாய்ப்பாட்டின் கணக்கு வேறு. ஒரு கட்டை சுருதியில் பாடும் வித்வான் மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டாலும் 98 அதிர்வுக்குக் கீழே போவதில்லை. ஆகவே ஆர்கனுக்காகச் செய்த ராட்சதப் பெட்டியை வாங்கி அதில் ஆலாபனை கேட்பது, யானை கட்டும் சங்கிலியால் கன்றுக்குட்டியைக் கட்டுவது போலத்தான்.

அப்படியானால் கர்நாடக சங்கீதத்துக்கு எந்தப் பெட்டியும் போதுமா? போதாது. சாதாரணத் தோல் வாத்தியத்தின் கிளை நாதங்கள் ஒன்றுக்கொன்று இசையாமல் கிடக்கும். மிருதங்கத்தில் அவை சுருதியோடு இசைந்து நிற்பதற்குக் காரணம் நடுவில் பூசிய கரணை என்பதை ஸர் சி. வி. ராமன் 1920-ல் எழுதினார். 1934-ல் விரிவாகவும் விளக்கினார். தம்புராவின் ஜீவனும் அப்படியே கிளை நாதங்களில்தான் இருக்கிறது. நடு ஸ்தாயியிலும் அதற்கு மேலும் துல்லியம் இல்லாத பெட்டியில் தம்புரா, ரீங்காரம் போய் வெறும் இரைச்சலாகிவிடும். பாதாளத்தில் இறங்குவதைவிட இதுதான் கடினமான பரீட்சை.

ஆடி மாதத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் அம்மன் கோவிலில் கூழ் வார்க்கும்போது வேப்பமரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரைப் பாருங்கள். தாழ்ந்த நாதமும் கிடையாது, நுண்ணிய நாதமும் கிடையாது. இடைப்பட்ட ஒலியை மட்டும் பிடித்து, எல். ஆர். ஈஸ்வரியின் குரலை ரெயில் பாதை தாண்டி எறிந்துவிடுகிறது. கொஞ்சம் மின்சாரத்தில் வெகு தூரம் போவது அதன் தொழில். அந்தத் தொழிலில் அதற்கு ஈடு கிடையாது. இரவு 10 மணிக்கு மேல் ஊதக் கூடாது என்று 2000-ம் வருஷத்து விதிகள் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது என்றால் அதன் திறமையைச் சொல்லவும் வேண்டுமோ!

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள். சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றச் சக்தி பத்து மடங்கு வேண்டும். ஐம்பது வாட்டை நூறாக்கினால், கிடைப்பது கொஞ்சம் கூடுதல்தான். அறையின் அளவோ பெரிய விஷயம். சுவருக்குச் சுவர் 12 அடி உள்ள அறையில் 47 அதிர்வை ஒட்டிய நாதம் எதிரொலித்துப் பெருத்து 'கும்'மென்று நிற்கும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக நாம் கட்டிக் கொள்ளும் ஹால்களில் தேவலோகத்துப் பெட்டியும் குடத்துக்குள் பேசுகிறது.

கடைசியாகக் கண். கனடா நாட்டு விஞ்ஞானி பிளாய்ட் டூல் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். 1994-ல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட சோதனையில், ஒரே பெட்டிகளைத் திரை மறைத்தும் திரை விலக்கியும் கேட்கச் செய்தார்கள். கண்ணால் பார்த்ததும் பெரிய, அழகான பெட்டிகளுக்கு மார்க்கு ஏறியது. சின்னஞ்சிறு பெட்டிகளுக்கு இறங்கியது. கேட்டவர்களோ பாமரர்கள் அல்ல, ஒலிபெருக்கிக் கம்பெனி ஊழியர்கள்!

இதைப் படித்த பிறகு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர். பெட்டிகளுக்கு முன்னால் என் மேல்துண்டைத் திரையாகப் பிடிக்கச் சம்மதித்தார். மகன் மூன்று முறை கேட்டுவிட்டு மூன்று முறையும் நடுத்தர விலையுள்ள ஒரு சிறிய ஜோடியையே காட்டினான். துண்டை விலக்கியதும் அவன் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை வர்ணிக்க எனக்குச் சக்தியில்லை. ஆளுயர ஜோடி கடையிலேயே நின்றது. மாடி அறைக்குச் செங்கல் வந்துவிட்டது. ஹாலில் ஒரு ஜமக்காளமும் புத்தக அலமாரியும் ஏறிய பிறகு கும்மென்ற ஓசை பெரிதும் அடங்கிவிட்டது. மகன் பேஸ் கிட்டாரைத் தொடர்ந்து விரலால் தாளம் போடுகிறான்.

பழைய பெட்டிகளை நான் விற்கவில்லை. 1933-ல் இருபத்தேழே வயதில் மறைந்த கிட்டப்பாவின் பாட்டுகள், அரக்கில் வார்த்த 78 சுற்றுத் தட்டுகளிலிருந்துதான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பக்கத்துக்கு மூன்று நிமிஷம். மேல் ஸ்தாயியின் நுண்ணிய நாதங்களை அந்தக் காலத்துக் கருவி பிடிக்கவில்லை. அந்த இடத்தில் இருப்பது ஊசி உரசும் சரசரப்பு மட்டுமே. புதுப் பெட்டி சத்தியசந்தன். சரசரப்பை ஒரு துளி விடாமல் பாடிக் காட்டுகிறது. பழைய பெட்டிக்கு அது கேட்பதில்லை. செங்கற்பட்டு ரெயில் போன பிறகு, இரவில், அதில் கிட்டப்பா மட்டும் பாடுகிறார்.