அன்னம் பிறந்த கதை

இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சி என்றால் யானை. 1982 இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தல் தொடங்கி 2005 வரை ஐந்து தடவையும் வாக்குச்சீட்டில் யானை இருந்தது. 2010 இல் அதைக் காணவில்லை. அந்த இடத்தில் அன்னம் வந்து நின்றது. விடுதலைப் புலிகளுக்கு எதிரான போரில் வென்ற அணிக்குள்ளேயே சண்டை மூண்டிராவிட்டால் அதற்கு வேலையே வந்திருக்காது.

2005 நவம்பரில் மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியானார். தம்பி கோட்டாபயவைப் பாதுகாப்புச் செயலாளர் ஆக்கினார். ஓய்வு வயதை எட்டவிருந்த சரத் பொன்சேகாவை டிசம்பரில் இராணுவத் தளபதி ஆக்கினார். 2006 ஏப்ரல் 25 ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே பொன்சேகா மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. படுகாயத்தோடு தப்பிச் சிங்கப்பூரில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர், 2009 மே மாதம் போர் முடியும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

வெற்றி யாருடையது என்பதில்தான் பிளவு. 2009 ஜூலையில் பொன்சேகாவைக் கூட்டுப்படைகளின் பிரதானி ஆக்கினார்கள். பெயருக்குப் பெரிய பதவி. கையில் படை இல்லை. நவம்பரில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். தாம் சதிப்புரட்சி செய்துவிடக்கூடும் என்று அரசு அஞ்சியதாகவும், அதற்காக ஒக்டோபர் நடுப்பகுதியில் இந்தியப் படைகளைக்கூட உஷார்ப்படுத்தியதாகவும் அதில் குற்றஞ்சாட்டினார். மகிந்தவோ தமது பதவிக்காலம் முடிய ஏறத்தாழ இரண்டு வருடம் இருக்கும்போதே தேர்தலை அறிவித்தார். வெற்றியின் சூடு ஆறுமுன் அறுவடை செய்துவிட வேண்டும் என்ற அவசரம்.

எதிர்க்கட்சிகளுக்கு இது வேறொரு கணக்கு. போரை வென்ற ஜனாதிபதியை எதிர்த்து நிற்க, அந்த வெற்றியில் பங்கு கேட்கக்கூடிய ஒரே ஆள் பொன்சேகா. ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்க ஒதுங்கிக்கொண்டார். 2005 இல் மகிந்தவை ஆதரித்த ஜே.வி.பி.யும் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் சின்னம்? 1989 இல் ஜே.வி.பி.யின் நிறுவனர் ரோகண விஜேவீர கொல்லப்பட்டது யானைக் கட்சியின் ஆட்சியில். அந்த யானைக்குப் புள்ளடி போடச் சொல்லி எந்த ஜே.வி.பி. தலைவர் மேடை ஏறுவார்? சுயேச்சையாக நிறுத்தவும் வழியில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு தடவையேனும் உறுப்பினராக இருந்தவர்தான் ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாம் என்பது இலங்கைச் சட்டம். பொன்சேகாவோ நேரே முகாமிலிருந்து வந்தவர். ஆகவே அங்கீகரிக்கப்பட்ட, ஆனால் யாருக்கும் பகையில்லாத ஒரு கட்சி தேவைப்பட்டது. அதிகம் பேர் அறியாத புதிய ஜனநாயக முன்னணி கிடைத்தது. அதன் சின்னம் அன்னம். பொது வேட்பாளரின் அடையாளமாக அன்னம் பிறந்தது இப்படித்தான். கொள்கைப் பிரகடனமெல்லாம் இதற்குக் காரணமில்லை.

இனித்தான் இந்தக் கதையின் விசித்திரம். இந்த நாடு சிங்களவர்களுக்குரியது என்று 2008 இல் கனேடியப் பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னவர் பொன்சேகா. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரிக்கும்படி மக்களைக் கேட்டது. கூட்டமைப்பின் உறுப்பினரான சிவாஜிலிங்கம் மனம் ஒப்பாமல் தனியே போட்டியிட்டார். போர் நடத்திய இருவரில் ஒருவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னால் எந்தச் சனம் உற்சாகமாக வரும்? 2010 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் நான்கில் ஒரு பங்கினரே வாக்களித்தார்கள். ஆனால் வந்தவர்களில் ஏறத்தாழ 64 வீதம் அன்னத்துக்கு. வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல மாவட்டங்களும் அன்னத்தின் பக்கம். மலையகத் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் மகிந்தவோடு நின்றும், மலையக மக்கள் செறிந்து வாழும் நுவரெலியாவும் அப்படியே. அன்னம் வென்ற மாவட்டங்கள் இந்த ஆறும்தான். இந்த வாக்குகளைப் பொன்சேகாவுக்கு விழுந்தவை என்று நான் எண்ணவில்லை. இவை ராஜபக்சக்களுக்கு எதிராக விழுந்தவை.

நாடு முழுவதும் மகிந்தவுக்கு 57.88 வீதம், பொன்சேகாவுக்கு 40.15 வீதம். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாததால் பொன்சேகா தமக்கே வாக்களிக்க முடியவில்லை! அவர் தங்கியிருந்த கொழும்பு ஹோட்டலை வாக்களிப்புக்கு மறுநாள் படையினர் சூழ்ந்தனர். பெப்ரவரி 8 இல் கைது. பிறகு இராணுவ நீதிமன்றம், பதவிநிலைப் பறிப்பு, சிறை. 2012 மே மாதம்தான் வெளியே வந்தார்.

தோற்ற சின்னத்தைக் கழித்துவிடுவதுதான் வழக்கம். அன்னத்தை வைத்திருந்தார்கள். 2015 ஜனவரியில் மகிந்தவின் கட்சிப் பொதுச் செயலாளராக இருந்த மைத்திரிபால சிறிசேன அதே அன்னத்தில் நின்று 51.28 வீதம் பெற்று வென்றார். வடக்கும் கிழக்கும் இம்முறை திரண்டு வந்து வாக்களித்தன. பொன்சேகாவுக்குப் பறிக்கப்பட்ட பதவிநிலை திரும்பக் கிடைத்தது. மார்ச் 22 இல் இலங்கையின் முதலாவது பீல்ட் மார்ஷல் ஆனார். 2019 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சஜித் பிரேமதாசவும் அன்னத்தில்தான் நின்றார். கோட்டாபயவிடம் தோற்றாலும் யாழ்ப்பாணத்தில் 80 வீதத்துக்கு மேல் எடுத்தார்.

பொன்சேகாவிடம் சொந்த வாக்கு வங்கி இருப்பதாக 2010 இல் நம்பியவர்கள் பலர். 2015 நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய சொந்தக் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அன்னமும் கூட்டணியும் இல்லாமல் தனியே நின்றார். விழுந்தவை 22,407 வாக்குகள், 0.17 வீதம். அதே ஆண்டு நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், அன்னத்தைத் தந்த புதிய ஜனநாயக முன்னணியே கேஸ் சிலிண்டர் சின்னத்தில் போட்டியிட்டது.