கதிர்காமக் காட்டு வழியில் யாரும் தனியாக நடப்பதில்லை

தைப்பூசம் நெருங்குது. பாத யாத்திரை என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது பழனியும் பத்துமலையும்தான். இலங்கையில் கதிர்காமத்துக்கு ஒரு நடை உண்டு. நம்ம நாட்டுக்கு அந்தக் காலத்தில் வந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பலருக்குத் தெரிந்த வழி அது. இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் பகிர்கிறோம்.

வடக்கே தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் நடை தொடங்குது. வற்றாப்பளை அம்மன், கோணேஸ்வரம், வெருகல், மாமாங்கம், உகந்தை என்று கோவில் கோவிலாகக் கும்பிட்டுக்கொண்டு, ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும்.

இந்த நடையில் ஒரு விசேஷம் பாருங்க. குடும்பமாக வருகிறவர்களோடு, ஒற்றை ஆளாகக் கிளம்பி வருகிறவர்களும் நிறைய. வயதான அம்மாக்கள், துணையை இழந்தவர்கள், போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். மனசில் ஒரு நேர்த்தி, தோளில் ஒரு பை, அவ்வளவுதான்.

ஆனால் அவர்கள் கடைசி வரை தனியாக இருப்பதில்லை. முதல் காரணம், கூப்பிடும் முறை. வழியில் எல்லாரும் எல்லாருக்கும் "சாமி"தான். என்ன ஊர், என்ன சாதி, என்ன வேலை, ஏன் தனியாக வந்தீங்க என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. துக்கத்தோடு வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இரண்டாவது காரணம், காடு. கிழக்குக் கரையில் உகந்தை முருகன் கோவிலோடு ஊர்கள் முடிந்துவிடும். அதற்கு மேல் குமுனை, யால வனங்கள். யானை, கரடி, சிறுத்தை உள்ள இடம். குமுக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தண்ணீர் கிடைக்கும் இடம் பார்த்துத் தங்கிப் போகணும். அதனால் உகந்தையில் காத்திருந்து, கூட்டம் சேர்ந்த பிறகுதான் காட்டுக்குள் இறங்குவார்கள். உள்ளே கடை கிடையாது. கொண்டுவந்த அரிசி பருப்பைப் பொதுவில் போட்டுச் சமைத்து, பகிர்ந்து சாப்பிடணும். பின்தங்குகிறவரை விட்டுவிட்டுப் போக முடியாது. "அரோகரா" என்று முன்னால் ஒரு குரல் கேட்டால், பின்னால் இருந்து பதில் வரணும்.

இந்த வழிக்குச் சோதனைகளும் வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் காலரா பயத்தால் ஆங்கிலேய அரசாங்கம் யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்டது. பிறகு கதிர்காமம் வரை பஸ் ஓட ஆரம்பித்ததும் நடப்பவர்கள் குறைந்தார்கள். 1983-இல் போர் வெடித்ததும் பாதைகள் அடைபட்டன. 1988-இல் பேட்ரிக் ஹரிகன் என்ற அமெரிக்க முருக பக்தரும் அவரோடு சேர்ந்த அடியார்களும் இந்த நடைக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். 2009-இல் போர் முடிந்த பிறகு சந்நிதியிலிருந்தே நீண்ட நடை மீண்டும் கிளம்பியது. பஸ் இருக்கும் காலத்திலும் மக்கள் நடக்கிறார்கள் என்றால், சீக்கிரம் போய்ச் சேருவது மட்டும் அவர்கள் நோக்கம் இல்லை என்றுதானே அர்த்தம்?

கந்தபுராணக் கதை நமக்கெல்லாம் தெரியும். தினைப்புனத்தில் வள்ளியிடம் முருகன் எப்படி வந்தான்? பசியும் தாகமுமாக, துணையில்லாத ஒரு கிழவனாக. வள்ளி அவருக்குத் தேனும் தினைமாவும் கொடுத்து, தண்ணீர் இருக்கும் இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனாள். கதிர்காமத்தார் அந்த வள்ளி தங்கள் மண்ணின் பெண் என்றே நம்புகிறார்கள். அந்த வழியில் தனியாக வரும் கிழவரை யாரும் அலட்சியம் செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போ நம்ம விஷயம். கோலாலம்பூரிலிருந்து வெள்ளி ரதத்தோடு பத்துமலைக்கு இரவெல்லாம் நடக்கும் கூட்டத்திலும் தனி ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் தூரத்தில் இருக்கும் பாட்டி, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பி, வீட்டை விட்டு வந்து படிக்கும் தங்கச்சி. தண்ணீர்ப் பந்தலில் நாம பாக்கெட்டை நீட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறோம். இந்த வருஷம் சேவைக்கு வரும் அன்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அவர்களிடம் கேள்வி எதுவும் வேண்டாம். "சாமி, சாப்பிட்டீங்களா? வாங்க, எங்களோட நடங்க" என்று கூப்பிடுங்க. அது போதும்.

முருகா சரணம். வேல் வேல்!