பெருந்தமனி வால்வுக் கடுங்குறுக்கம்

இடது கீழறைக்கும் பெருந்தமனிக்கும் இடையிலுள்ள வால்வு இறுகி, முழுமையாகத் திறக்க இயலாத நிலை. நலமான வால்வின் திறப்பு 3 முதல் 4 சதுர செ.மீ. வரை இருக்கும். அது 1 சதுர செ.மீ. அளவுக்கோ அதற்குக் கீழோ சுருங்குவது கடுங்குறுக்கம். அப்போது எக்கோ பரிசோதனையில் இரத்தத்தின் உச்ச வேகம் பெரும்பாலும் நொடிக்கு 4 மீட்டரையும், சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசத்தையும் எட்டும். முதுமையில் இதழ்களில் சுண்ணாம்பு படிவது, பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்கள் அமைவது, ரூமாட்டிக் காய்ச்சல் ஆகியவை முதன்மைக் காரணங்கள்.

வரலாறு

பிரெஞ்சு மருத்துவர் லசார் ரிவியேர் இந்நோயை முதலில் விவரித்தவராகக் கருதப்படுகிறார். அவ்விவரிப்பு 1663-இல் வெளியானது. சுண்ணாம்புப் படிவை 1904-இல் ஜெர்மானியர் மோன்கெபெர்க் ஆராய்ந்தார். வால்வுத் திறப்பின் பரப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை 1951-இல் கோர்லின் தந்தையும் மகனும் வகுத்தனர். மருத்துவர்கள் ஜான் ராஸ், யூஜின் பிரான்வால்ட் இருவரும் 1968-இல் எழுதிய கட்டுரை நோயின் இயல்பான போக்கைத் தெளிவாக்கியது.

தசையின் இயக்கம்

பெருந்தமனியில் 120 மி.மீ. அழுத்தம் நிலவ, குறுகிய வால்வுக்குப் பின்னால் உள்ள கீழறை 180 முதல் 200 மி.மீ. வரை அழுத்தம் எழுப்ப வேண்டியுள்ளது. லாப்லாஸ் விதிப்படி, சுவரின் இழுவிசை அழுத்தத்தாலும் அறையின் ஆரத்தாலும் உயரும். சுவர் தடித்தால் குறையும். ஆகவே தசைநார்களில் புதிய சுருங்கு அலகுகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டுச் சுவர் தடிக்கிறது, அறையோ பெருப்பதில்லை. மருத்துவர் வில்லியம் கிராஸ்மன் குழுவினர் 1975-இல் இதை அளந்து காட்டினர். இத்தடிப்பு இதயம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. இதனாலேயே பல ஆண்டுகள் நோய் வெளித்தெரிவதில்லை.

ஆனால் தடித்த சுவர் விறைப்பானது. எளிதில் தளர்ந்து விரியாது. அறை நிரம்ப இடது மேலறையின் சுருக்கம் இன்றியமையாததாகிறது. மேலறை நடுக்கம் வந்து அந்தத் துணை அறுந்தால் நுரையீரலில் திடீரென நீர் கோக்கலாம். காலப்போக்கில் தசைக்கிடையே நாரிழைகள் பெருகுகின்றன. கீழறை எதிர்த்துத் தள்ளவேண்டிய சுமை, தடிப்பு ஈடுசெய்யும் அளவை மிஞ்சும்போது வெளியேற்றும் திறன் வீழ்கிறது. இவ்வீழ்ச்சியில் பெரும்பங்கு சுமையாலேயே நேர்வது. வால்வை மாற்றியபின் பல நோயாளிகளின் திறன் மீள்வது இதற்குச் சான்று.

அறிகுறிகள்

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் மூன்றும் உழைக்கும்போதே முதலில் தோன்றும். இதயத் தமனிகளில் அடைப்பு இல்லாதவருக்கும் நெஞ்சுவலி வரலாம்: தடித்த தசை மிகுந்த ஆக்சிஜன் கேட்கிறது, உயர் அழுத்தம் உட்சுவரின் நுண்குழாய்களை நசுக்குகிறது. உழைப்பில் கைகால்களின் குழாய்கள் விரியும். குறுகிய வால்வால் அதற்கேற்ப இரத்தம் அனுப்ப இயலாது. உயர் அழுத்தத்தால் தூண்டப்பட்ட கீழறை உணர்விகள் குழாய்களை மேலும் தளர்த்த, இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் உண்டாகிறது. மூச்சுத்திணறல் அறையின் விறைப்பால் தொடங்கி, சுருங்கும் திறன் குன்றும்போது முற்றும். ராஸ், பிரான்வால்ட் கணிப்பில், சிகிச்சையின்றி மயக்கம் கண்டவர் சராசரியாக 3 ஆண்டுகளும், இதயச் செயலிழப்பு கண்டவர் 2 ஆண்டுக்கும் குறைவாகவும் வாழ்ந்தனர்.

நாடி மெலிந்து மெல்ல எழும். மார்பின் வலப்புற மேற்பகுதியில் கேட்கும் இரைச்சல் கழுத்துவரை பரவும். இதயம் தளரத் தளர இரைச்சலும் தணியும். அதை முன்னேற்றமாகக் கொள்ளலாகாது.

சிகிச்சை

குறுக்கத்தை நீக்கும் மருந்து இல்லை. வால்வை மாற்றுவதே வழி. அறுவை மருத்துவர் டுவைட் ஹார்கென் 1960-இல் மார்பைத் திறந்து செயற்கை வால்வைப் பொருத்தினார். 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் மருத்துவர் அலன் கிரிபியே மார்பைத் திறக்காமல் குழாய்வழியே வால்வைப் பொருத்தினார். இன்று இரு முறைகளும் வழக்கில் உள்ளன.

நடை குறைவதையும் மூச்சிரைப்பதையும் மூப்பின் இயல்பென்று முதியவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர். அறிகுறி தோன்றிய கடுங்குறுக்கத்தில் வால்வு மாற்றத்தைத் தள்ளிப்போடுதல் தகாது.