எம்3, ஜூலியா குவாட்ரிஃபோலியோ: ஓர் ஒப்பீடு

எம்3, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 1986 முதல் பல தலைமுறைகளாகத் தயாரித்துவரும் வேகக் கார். அதற்கு இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 2015இல் கொண்டுவந்த போட்டி, ஜூலியா குவாட்ரிஃபோலியோ.

போட்டி பழையது. பி.எம்.டபிள்யூ 1500, ஆல்ஃபாவின் முதல் ஜூலியா ஆகிய நான்கு கதவுக் கார்கள் இரண்டும் 1962இல்தான் விற்பனைக்கு வந்தன. எஞ்சினில் இரட்டை கேம்ஷாஃப்ட், ஐந்து கியர் என அன்று முன்னே நின்றது ஜூலியா. பிறகு நிலைமை தலைகீழானது. ஆல்ஃபா 1986இல் ஃபியட்டின் கைக்குப் போனது. ஆல்ஃபா 75 நின்றபின் பின்சக்கர இயக்கச் செடானே அதனிடம் இல்லை. 155 மாதிரியின் பந்தய வடிவில் நிக்கோலா லாரினி 1993இல் ஜெர்மன் டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை ஜெர்மானியர் மண்ணிலேயே வென்றது அந்த இடைவெளியின் ஒரே பெரிய ஆறுதல்.

ஃபெராரியிலிருந்து வந்த ஃபிலிப் க்ரீஃப் தலைமையில் உருவான புதிய ஜூலியாவில் 2.9 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சின், 510 குதிரைத்திறன். அப்போதைய எம்3இன் 3.0 லிட்டர் நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் 431 குதிரைத்திறன் தந்தது. கார்பன் இழைக் கூரை இரண்டிலும் உண்டு. ஆனால் ஆர்வலர்களைப் பிரிப்பது எண்கள் அல்ல, ஸ்டீயரிங். ஜூலியாவின் ஸ்டீயரிங் விகிதம் 11.8:1, சற்றே திருப்பினாலும் முகப்பு வளைவுக்குள் பாய்ந்துவிடும். சஸ்பென்ஷன் இளகியது, மேடுபள்ளத்தில் கார் துள்ளாமல் சாலையோடு அசைந்து போகும். எம்3 இறுக்கமானது. அதன் மின்விசை ஸ்டீயரிங் சாலையின் தன்மையைக் கைக்குச் சொல்வதில்லை என்பது நியாயமான குறை. பதிலுக்கு, உள்ளறையின் கட்டுமானத் தரத்தில் இத்தாலியக் கார் அதை எட்டவில்லை. மலைப்பாதைக்கு ஜூலியா, தினசரி ஓட்டத்துக்கு எம்3 என்பதே பொருத்தமான தீர்ப்பு.

ஜூலியாவின் எட்டு கியர் தானியங்கிப் பெட்டி இசட்.எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்துடையது என்பதை இத்தாலியப் பற்றாளர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அடுத்த தலைமுறை எம்3உம் அந்த நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டிக்கே மாறியது. கையால் மாற்றும் கியரை ஆல்ஃபா தொடக்கத்தில் சில நாடுகளில் மட்டும் தந்து கைவிட்டது, பி.எம்.டபிள்யூவோ 480 குதிரைத்திறன் கொண்ட அந்தப் புதிய எம்3இலும் ஆறு கியர் கைப்பெட்டியைப் பின்சக்கர இயக்கத்துடன் விட்டுவைத்தது.