உருமாறிகள்: லேடாங் மலைப் புலிமனிதனும் அவன் வழித்தோன்றல்களும்

உருமாறி என்பது, மனிதராகப் பிறந்து, உடலின் இயல்பு திரிந்து, பாதியோ முழுதோ வேறோர் உயிராகிவிட்ட கதாபாத்திரம். ஆங்கிலக் காமிக்ஸும் கணினி விளையாட்டும் பரப்பிய மியூட்டன்ட் இந்த இனத்தின் இளைய பிள்ளை. கதிர்வீச்சு, கிருமி, ஆய்வகக் கசிவு என்று அதற்கு அறிவியல் சாயம் பூசிய காரணம் ஒன்று இருக்கும். மூத்தவை மந்திரத்தாலும் வரத்தாலும் சாபத்தாலும் பரம்பரையாலும் மாறியவை. தேவர், பேய், பிறவியிலேயே விலங்கானவை ஆகியோர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். எல்லைக்கோடு அடிக்கடி அழிவதும் உண்டு.

மலேசியாவில் இந்தக் கதைகள் அடர்ந்து கிடக்கும் இடங்களில் ஒன்று ஜொகூர் மாநிலத்தின் தங்காக். துணிக்கடைகளுக்குப் பெயர்போன ஊர். பட்டும் பருத்தியும் எடுக்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஊருக்குப் பின்னால் 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கிறது குனோங் லேடாங். பழைய ஐரோப்பிய வரைபடங்கள் இதை ஓஃபிர் மலை என்று குறித்தன. தங்காக் வட்டாரம் மூவார் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2008-இல் தனி மாவட்டமானபோது மலையின் பெயரையே மாவட்டத்துக்கும் வைத்தார்கள். 2015-இல்தான் அது தங்காக் மாவட்டம் ஆனது. சாகில் அருவிப் பக்கமாக ஏறுபவர்களுக்கு இன்று இது ஒரு மலையேற்றத் தலம். நூறு ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட கதையில் இது புலிகளின் குடியிருப்பு.

வால்டர் ஸ்கீட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி மலாய் மந்திர வழக்குகளைத் திரட்டி 1900-இல் வெளியிட்ட நூலில் அந்தக் குடியிருப்பைப் பற்றிய செய்தி இருக்கிறது. தீபகற்பத்தில் புலிகளுக்கென்று கிராமம் உண்டு என்று நம்பப்பட்ட இடங்களுள் ஒன்றாக லேடாங் மலையை அவர் குறிக்கிறார். அங்குள்ள வீடுகளின் தூண்கள் தொட்டால் அரிக்கும் ஜெலாத்தாங் மரத்தின் வைரம். கைமரங்கள் மனித எலும்பு. சுவர்கள் மனிதத் தோல். கூரையில் வேய்ந்திருப்பது மனித முடி. குடிகள் அமைதியாகத்தான் வாழ்கிறார்கள், வெறி ஏறும் காலம் வரும்வரை. கட்டட விவரம் இவ்வளவு துல்லியமாக உள்ள நாட்டார் கதை அபூர்வம். சொன்னவர் வீடு கட்டத் தெரிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

புலி உண்டான விதத்துக்கும் ஸ்கீட் ஒரு கதை தருகிறார். காட்டில் கிடைத்த ஒரு சிறுவனை ஒருவர் எடுத்து வளர்க்கிறார். நகம் நீண்ட, கண் ஒளிரும் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அவன் முரடனாக இருக்க, ஆசிரியர் பிரம்பால் விளாசுகிறார். அடி தாளாமல் அவன் நான்கு காலில் பாய்ந்து காட்டுக்குள் ஓடிவிடுகிறான். முதுகில் விழுந்த பிரம்புத் தழும்புதான் புலியின் வரி.

ஹரிமாவ் ஜாடியான் எனப்படும் புலிமனிதன் இந்தப் பையனைவிட ஆபத்தானவன். பகலில் பக்கத்து வீட்டுக்காரனாக நடமாடுவான். அவனைக் கண்டுபிடிக்க வழி ஒன்றே ஒன்று: மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே எல்லாருக்கும் உள்ள சிறு பள்ளம் அவனுக்கு இருக்காது. உடல் முழுவதையும் மறைக்கத் தெரிந்தவனால் அந்த அரை அங்குலத்தை மட்டும் மறைக்க முடிவதில்லை. பின்னால் வந்த உருமாறிக் கதைகளில் பாதி இந்த விதியின் மேல்தான் நிற்கின்றன. உருவம் எவ்வளவு மாறினாலும் ஓரிடத்தில் உண்மை துருத்திக்கொண்டு நிற்கும். கதை அந்த இடத்தைத் தேடிப் போகும்.

சந்தேகம் யார் மேல் விழுந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. சுமத்ராவின் கெரிஞ்சி பகுதியிலிருந்து வந்து ஊர் ஊராக வணிகம் செய்தவர்கள்மேல்தான் பெரும்பாலும் இந்தப் பழி. ஹியூ கிளிஃபோர்ட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி 1897-இல் எழுதிய நூலில் பேராக்கின் சிலிம் பள்ளத்தாக்குக் கதை ஒன்று வருகிறது. கெரிஞ்சியிலிருந்து வந்த ஹாஜி அலிக்கும் உள்ளூர்ப் பெண் பாத்திமாவுக்கும் திருமணமாகிச் சில நாள்தான் ஆகிறது. இரவில் கதவைத் திறக்கிறாள். வீட்டு ஏணியின் உச்சியில் ஒரு புலித்தலை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள்ளிருந்து கணவனின் முகம் மேலெழுந்து வருகிறது. வந்தேறி, பணம் உள்ளவன், எங்கே போகிறான் எங்கிருந்து வருகிறான் என்று தெரியாதவன்: ஊருக்கு இது போதும். 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் படைத்த எக்ஸ்-மென் காமிக்ஸில் பிறவிச் சக்தி கொண்டவர்களைச் சமூகம் வெறுப்பது சிறுபான்மையினர்மீதான வெறுப்பின் உருவகமாகப் படிக்கப்படுகிறது. கெரிஞ்சிக்காரன் கதையில் உருவகமே இல்லை. நேரடியாக ஒரு மக்கள்கூட்டத்தின் பெயரைச் சொல்லியே பயந்தார்கள். இந்த வகையில் அது எக்ஸ்-மென்னைவிட நேர்மையான ஆவணம்.

லேடாங்கின் மிகப் புகழ்பெற்ற குடி புலியல்ல, இளவரசி. செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூல் சொல்லும் கதையில் மலாக்கா சுல்தான் மகமூட் புத்திரி குனோங் லேடாங்கை மணக்க விரும்பித் தூது அனுப்புகிறார். தூதர் துன் மாமாட் மலையேறிப் போய்க் கொண்டுவரும் பதில் இது: மலாக்காவிலிருந்து மலைவரை ஒரு பொன் பாலமும் ஒரு வெள்ளிப் பாலமும், ஏழு தட்டுக் கொசு இதயம், ஏழு தட்டு உண்ணி இதயம், ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி இளம் பாக்குச் சாறு, சுல்தானின் இரத்தம் ஒரு கிண்ணம், அவர் மகனின் இரத்தம் ஒரு கிண்ணம். இந்தச் சீர்வரிசைப் பட்டியலைச் சொன்னவள் கூன் விழுந்த ஒரு கிழவி. அவளே உருமாறி வந்த இளவரசி என்றும் அந்நூலிலேயே ஒரு பேச்சு உண்டு. சா தியோங் ஹின் இயக்கி, டியாரா ஜக்குலினாவும் எம். நாசிரும் நடித்த 2004 திரைப்படம் அவளை ஜாவாவின் மஜாபாகித் அரசிலிருந்து வந்த காதலியாக்கியது. ஆஸ்கர் விருதுக்கு மலேசியா அனுப்பிய முதல் படம் அதுதான். காட்சிக்குக் குறைவில்லை, ஆனால் மூலக்கதையில் கிழவியைச் சுற்றி நிற்கும் சந்தேகம் படத்தின் காதலைவிட வலுவானது.

தமிழ் மரபில் உடல் மாறுவதற்கு அச்சம் கட்டாயமில்லை. சிதம்பரத்தின் வியாக்கிரபாதர் வேண்டிக் கேட்டுப் புலிக்காலும் புலிநகமும் பெற்றவர். வண்டு வாய்வைக்கும் முன்பே, விடியலுக்கு முந்தைய இருளில், வழுக்கும் மரமேறிப் பூப்பறிக்க வேண்டும் என்பதுதான் காரணம். அவரால் அந்தத் தலத்துக்குப் புலியூர் என்றே பெயர். மேலே முனிவர், கீழே புலி என்று சிற்பங்களில் நிற்கும் அவரைப் பார்த்து யாரும் கதவடைத்துக்கொள்வதில்லை. கெரிஞ்சிக்காரன் மறைத்ததை இவர் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

இரண்டு மரபும் சந்தித்த இடம் சிங்கப்பூரின் படப்பிடிப்புத் தளங்கள். 1939-இல் தமிழில் 'பிரகலாதா'வை இயக்கிய பி. என். ராவ், 1950-களில் சிங்கப்பூர் வந்து மலாய்ப் படங்கள் எடுத்தார். தூணிலிருந்து நரசிம்மம் வெளிப்படும் கதையைப் படமாக்கியவர், 1957-இல் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக 'பொந்தியானாக்'கை இயக்கினார். மரியா மெனாடோ நடித்த நாயகி கூன் விழுந்த பெண், மருந்தால் அழகியாகிறாள், இரத்தத்தைச் சுவைக்கக்கூடாது என்பது விதி. கணவனைப் பாம்பு தீண்ட, நஞ்சை உறிஞ்சி எடுக்கிறாள். உயிரைக் காப்பாற்றிய அந்த வாய்தான் அவளை இரத்தம் குடிக்கும் பேயாக்குகிறது. ஆய்வக விபத்தில் மாறும் எந்தக் கதாபாத்திரத்துக்கும் இவ்வளவு கச்சிதமான காரணம் அமைந்ததில்லை. படம் பெருவெற்றி பெற்றது. பிரதி மட்டும் மிஞ்சவில்லை. தொடர்ச்சியாக ராவ் எடுத்த 'சும்பா பொந்தியானாக்' (1958) இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அதே 1958-இல் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் 'ஓராங் மிஞ்ஞாக்' என்ற எண்ணெய் மனிதன் படத்தை இயக்கினார், பி. ரம்லி 'சும்பா ஓராங் மிஞ்ஞாக்'கில் ஊரார் கேலி செய்த கூனன் ஒருவன் எண்ணெய் மனிதனாகச் சீரழிவதைக் காட்டினார். உடம்பெல்லாம் எண்ணெய் பூசியவன் கைக்குச் சிக்கமாட்டான் என்பது கம்பத்துத் திருடர் பயம். அதற்கு இவர்கள் ஒரு பூர்வகதை கொடுத்தார்கள்.

பரம்பரை பற்றிய மலாய் நம்பிக்கை சாகா. முன்னோர் வைத்திருந்த ஆவி, கேட்காமலேயே பேத்தியிடம் வந்து சேரும். ஷுஹாய்மி பாபாவின் 'வாரிஸ் ஜாரி ஹந்து' (2007) புலி சாகாவைப் பற்றியது. மரபணு என்ற பேச்சே இல்லாத மரபணுக் கதை இது.

அறிவியல் காரணம் 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. தாவரங்களில் திடீர் மாற்றத்தைக் கண்ட டச்சு அறிஞர் ஹ்யூகோ டி வ்ரீஸ் 1901 முதல் தன் கோட்பாட்டை வெளியிட்டார். 1927-இல் ஹெர்மன் முல்லர், எக்ஸ் கதிர் பட்ட பழ ஈக்களின் சந்ததியில் மாற்றம் பெருகுவதைக் காட்டினார். 1946-இல் நோபல் பரிசு. இரண்டுக்கும் நடுவில் ஹிரோஷிமா. அதன்பின் கதைக்காரர்களுக்குச் சூனியக்காரன் தேவைப்படவில்லை. காட்ஸில்லா 1954, ஹல்க் 1962.

தமிழ்ச் சிறுவர்களுக்கு இந்த வகையில் வாய்த்த முதல் பெரிய நாயகன், 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி. பிரிட்டிஷ் இதழொன்றில் 1962-இல் பிறந்தவன். விபத்தில் கையை இழந்த ஆய்வக உதவியாளன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. புலிமனிதனின் உதட்டுப் பள்ளத்துக்கு இவன் கை சரியான ஜோடி. அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வந்து துப்பாக்கியைப் பிடுங்கும் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. தமிழ்ச் சினிமா இந்த நிலத்தில் பிந்தித்தான் வந்தது: நோய்க்கிருமியால் நாயகன் உருக்குலையும் 'ஐ' (2015), மனிதர் வெறிகொண்ட மிருகமாகும் 'மிருதன்' (2016).

மலேசியத் திரை இதை நகைச்சுவையாக்கியது. யுஸ்ரி அப்துல் ஹலீம் இயக்கிய 'சிசாக்மேன்' (2006) படத்தில், ஆய்வகத்தில் வேலை செய்யும் ஹைரி, கிருமி ஏறிய பல்லி விழுந்த காப்பியைத் தெரியாமல் குடித்துவிடுகிறான். நடித்தவர் சைபுல் அபேக். அமெரிக்கச் சிலந்தி கடிக்க வந்தது. நம் வீட்டுப் பல்லி வழக்கம்போல் பாத்திரத்தில் விழுந்தது. உணவில் பல்லி விழுந்த பதற்றம் தெரிந்த எந்தக் குடும்பத்துக்கும் விளக்கம் தேவையில்லாத தொடக்கம்.

கணினி விளையாட்டில் உருமாறி பெரும்பாலும் சுட்டுத்தள்ள வேண்டிய கூட்டம். இரண்டு மட்டும் தனித்துச் சொல்லத் தக்கவை. 'ஃபால்அவுட்' (1997) விளையாட்டில் மனிதர்களைக் கிருமித் தொட்டிகளில் அமிழ்த்திப் புது இனம் படைக்கும் தலைவனைச் சுடாமலேயே வெல்லலாம்: அவன் படைத்தவர்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று சான்றோடு காட்டினால் போதும், அவன் தன்னைத்தானே அழித்துக்கொள்வான். 'ரெசிடென்ட் ஈவில் 2' (1998) விளையாட்டில் தானே கிருமியை ஏற்றிக்கொண்டு மாறும் விஞ்ஞானி வில்லியம் பிர்க்கினின் தோளில் ஒரு பெரிய கண் திறக்கிறது. அங்கே குறிவைக்க வேண்டும் என்பது ஆடுபவருக்கு உடனே புரியும். புலிமனிதனின் அடையாளத்தைக் கண்டதும் பாட்டி கதவைச் சாத்தினாள். பேரன் விசையை அழுத்துகிறான்.

உருமாறிப் பட்டியல்களில் தவறாகச் சேர்க்கப்படும் ஜொகூர்க்காரர் ஒருவர் உண்டு. 1998-இல் தொடங்கிய 'கெலுவாங் மேன்' அசைவூட்டத் தொடரின் நாயகன் போர்ஹான், ஜொகூர் பாருவின் தம்போய் மனநல மருத்துவமனையில் நோயாளி. இரவில் வௌவால் வேடம் பூண்டு வெளியேறித் திருடர்களைப் பிடிப்பவர். 2025-இல் அன்வாரி அஷ்ராப் இதைத் திரைப்படமாக்கினார். போர்ஹானைக் கதிர்வீச்சும் தொடவில்லை, சாகாவும் பிடிக்கவில்லை. வேடத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பது மனிதர்தான்.