ஆசிரியர் இட்ட பெயர்

குரு என்றதும் நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள் எழுகின்றன. ஒன்று, காலில் விழுகிற பேச்சு. மற்றது, தன்னைத் தானே பெற்றுக்கொண்டதாகச் சொல்லும் நவீனனின் பேச்சு. இரண்டுமே சரித்திரத்தைப் பார்க்காதவை என்று எனக்குப் படுகிறது. உ.வே. சாமிநாதையர் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

1871ல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது அவருக்கு வயது 16, பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று விசாரித்த பிள்ளை, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்பதையே நிலைக்கச் செய்தார். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். மாயூரத்திலேயே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மகனுக்குச் சங்கீதப் பயிற்சியும் கிடைத்தது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் அறிவு ஓடாது என்பது பிள்ளையின் எண்ணம், பயிற்சி நின்றது. பெயர், குடும்ப வித்தை இரண்டுமே ஆசிரியரின் நம்பிக்கைக்கு வழிவிட்டன. மாதிரிக் கையெழுத்தை வைத்து ஆளை நிச்சயம் செய்வது வங்கியில் என் பிழைப்பு. ஒருவர் ஆயுள் முழுதும் இட்ட கையெழுத்தே இன்னொருவரின் விருப்பம் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிள்ளையின் இலக்கிய உலகம் தலபுராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று விரிவது. அவர் செய்யுளைச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஏட்டில் எழுதுவார். 1876ல் அவர் காலமானார். 1880ல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த சாமிநாதையர், அவ்வூர் முன்சீபான சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தாம் படித்தவற்றை இந்த வரிசையில்தான் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்றார். ஆசிரியர் காட்டாத வாசலை ஆசிரியரல்லாத ஒருவர் காட்டினார்.

பழைய குருவைப் புதிய கேள்வி வென்றது என்று இங்கே கதையை முடித்துவிடலாம். ஆனால் கேள்வி மட்டும் ஒரு பதிப்பாசிரியரை உண்டாக்கிவிடாது. சிதைந்த ஏட்டில் சீர் எங்கே குறைகிறது, எந்தச் சொல் எதுகைக்கு ஒவ்வாது என்று சொல்ல ஒரு காது வேண்டும். செய்யுள் பிள்ளையின் வாயிலிருந்து பிறப்பதைக் கேட்டுப் பழகிய காது அது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை அழுத்தமான சைவர். ஆயினும் கிறிஸ்தவரான சவரிராயலு நாயகருக்கும் முஸ்லிமான குலாம் காதிறு நாவலருக்கும் பாடம் சொன்னவர். சிந்தாமணி சமண நூல். விளங்காத இடங்களைச் சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். சைவர் சிலர் முகம் சுளித்தும் 1887ல் அதைப் பதிப்பித்தார். 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு, 1898ல் பௌத்த நூலான மணிமேகலை வந்தன. பிள்ளை வாயால் சொன்ன சைவம் மாணவரின் பெயரில் நின்றது. பாடம் சொன்ன முறையில் இருந்த விசாலம் அவர் வேலைக்குள் போயிற்று. இரண்டாவதுதான் ஆழமான தீட்சை என்பது என் கட்சி.

இதற்கு விலை இல்லாமலில்லை. நின்றுபோன சங்கீதம் என்னவாகியிருக்கும் என்று கேட்கத்தான் வேண்டும். பிள்ளையின் தலபுராணங்களை இன்று படிப்பவர் சிலரே. 1933, 1934ல் இரண்டு பாகங்களாக அவர் சரித்திரத்தை எழுதி மாணவர் கடன் தீர்த்தார். ஆனால் பெரிய கடன் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டதாக நினைக்கிறேன். ஆசிரியர் பழக்கிக் கொடுத்த காதை, ஆசிரியர் தேடாத குரல்களின் பக்கம் அவர் திருப்பினாரே, அப்போதே.